பாங்கொக்கில் செல்விக்கு வழி சொன்ன நாட்கள்

14 செப்டம்பர் 2009, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொக்கி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். தோர்ண்டன் ஹீத்தில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கான பிளவுஸ்கள் எல்லாம் வெட்டியாயிற்று. மணப்பெண்ணுடையது மட்டும் மீதி. அளவு சரிபார்க்க வரச் சொன்னேன், ஆளைக் காணோம்.

பத்து மணிபோல் என் தையல் கடைக்குத் தொலைபேசி. 66 என்று தொடங்கும் எண்.

"அக்கா, நான் செல்வி. வந்து சேந்திட்டம்."

எங்கே வந்து சேர்ந்தாள்? நேற்றுவரை அவள் கொழும்பு லொட்ஜில் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாங்கொக்கிலை. நானும் டிலானியும்."

என் ஒரே தங்கை. டிலானி அவள் மகள், ஆறு வயது. செல்வியின் கணவன் ஜெயத்தை வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போய் இரண்டு வருடம். ஒரு தகவலும் இல்லை. போன மாதம் அவளைத் தேடியும் ஆட்கள் வந்தார்களாம். அதை எனக்குச் சொல்லவே இல்லை. ஓர் ஏஜென்டைப் பிடித்துப் புறப்பட்டுவிட்டாள். நேரே லண்டனுக்கு, என்னிடம் என்றானாம். இப்போது ஏதோ ஒரு விடுதியில் இறக்கிவிட்டு, அடுத்த விசாவுக்கு வேண்டும் என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் போய்விட்டான். அவன் போன் நிறுத்தி வைத்திருக்கிறது.

"இப்ப எந்த இடத்திலை நிக்கிறாய்?"

"தெரியாதக்கா. ஒரு ஒடுங்கின ஒழுங்கை. எதிரிலை ஒரு கடை, கடை வாசலிலை நாய். எழுத்தெல்லாம் புழு நெளிஞ்ச மாதிரிக் கிடக்கு."

மதியம் கடையைப் பூட்டிவிட்டு ஈஸ்ட் ஹாம் நூலகம். பாங்கொக் சுற்றுலாக் கையேடு ஒன்று இருந்தது. அட்டையில் பொன் கோபுரம், குடை பிடித்த பெண். கடைசியாக எடுத்தவர் தேநீர் சிந்தியிருக்கிறார். பஸ்ஸில் வரும்போதே படித்தது:

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது.
பிள்ளையின் தலையைத் தொட்டால் அவமரியாதை.
மழைக்காலம் அக்டோபர் முடிய. செருப்பு நல்லது, சப்பாத்து வேண்டாம்.
விடுதியின் பெயர் அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்கவும், வழி தவறினால் காட்டலாம்.
பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவும்.

கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

இரவு என் வீட்டுக்காரர் அருள் வேலை முடிந்து வந்தார். எல்லாம் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். மேசையில் கிடந்த கையேட்டைப் பார்த்தார். எடுத்து அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார். சாப்பாடு போடச் சொன்னார்.


15 செப்., செவ்வாய்

மழை விட்டது. போன் கார்ட் இரண்டு வாங்கினேன்.

விடுதி அட்டை வாங்கு என்று செல்விக்குச் சொன்னேன். அரை மணியில் திரும்ப எடுத்தபோது கையில் வைத்திருந்தாள். மூலையில் ஆங்கிலத்திலும் தெருப்பெயர். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், நான் வெட்டும் மேசையில் வரைபடத்தை விரித்து விரலால் தேடினேன். கிடைத்தது! ஆற்றங்கரைக்குக் கிட்ட, பழைய நகரப் பக்கம். சோக்குக்கட்டியால் வட்டம் போட்டேன். (நூலகப் புத்தகம். அழித்துவிட வேண்டும்.)

"உனக்கு இடது பக்கத்தாலை போனா ஒரு சந்தை இருக்கு. அதுக்கும் அங்காலை ஆறு."

"அக்கா, நீங்கள் இஞ்சை வந்திருக்கிறியளோ?"

"இல்லையடி. புத்தகம்."

சிரித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கிறேன் அந்தச் சிரிப்பை.

காலையிலேயே, அங்கே மூடுமுன், பாங்கொக்கில் உள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்கு எடுத்தேன். எத்தனையோ தடவை முயன்றபின் ஒரு பெண் கதைத்தாள், பொறுமையாக. புதிதாக வருகிறவர்களைப் புதன் காலையில் பதிவார்கள், நேரில் வர வேண்டும், பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வரலாம். நாளைக்கே போ என்றால் செல்விக்குப் பயம், டிலானிக்குக் காய்ச்சல். அடுத்த புதன் என்று முடிவு.

ஜிப்: கறுப்பு, மரூன்.


17 செப்., வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

மதியம் பன்னிரண்டு. கடையில் ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். செல்வி எடுத்தாள். பெரிய குரலில் கதைக்கவில்லை, மூச்சாகத்தான் வந்தது.

"அக்கா, சுத்திவளைச்சிட்டாங்கள்."

"என்னடி?"

"சந்தையடியிலை நிக்கிறன். எல்லாரும் அப்பிடியே நிக்கினம். ஒருத்தரும் அசையினம் இல்லை. வாகனமும் ஓடேல்லை. ஸ்பீக்கரிலை ஏதோ சொல்லுறாங்கள். நான் ஓடப்போறன்."

எங்கள் ஊரில் தெரு முழுக்க அசையாமல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், இராணுவச் சுற்றிவளைப்பு. அளவு நாடா கழுத்தில், கையேடு எங்கே, கையேடு எங்கே... தையல் மெஷினுக்கு அடியில். பிறகு பக்கத்தைத் தேடாமலே ஞாபகம் வந்தது. காலை எட்டு, மாலை ஆறு. நமக்கு மதியம், அவர்களுக்கு மாலை ஆறு.

"ஓடாதை! செல்வி, ஓடாதை. அது தேசிய கீதம். ஒவ்வொரு நாளும் போடுறவங்கள். நீயும் நில்லு. டிலானியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நேரா நில்லு."

"உண்மையோ?"

"உண்மை. நில்லு."

போனுக்குள் மெல்லிய வாத்திய ஓசை. நானும் கடை நடுவில் நேராக நின்றுகொண்டிருந்தேன் என்பது பாட்டு முடிந்தபின்தான் தெரிந்தது. அளவுக்கு வந்த பெண்ணும் என்னைப் பார்த்து, ஏனென்று தெரியாமல், கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றாள்.

"அக்கா, நடக்கத் துவங்கிட்டினம்." பிறகு அழுதாள். "டிலானி கேக்கிறாள், ஆமி இல்லையோ எண்டு."

அந்தப் பெண் போனதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு நானும் அழுதேன்.


18 செப்., வெள்ளி

குளிர் தொடங்குகிறது. ஹீட்டர் சத்தம் போடுகிறது, அருளே குழாய் வேலைக்காரர், சொந்த வீட்டு ஹீட்டரைப் பார்க்க நேரமில்லை.

சாப்பாட்டு மேசையில் சண்டை. நான்தான் தொடங்கினேன். செல்விக்கு அடுத்த புதன் எப்படிப் போவது என்று படகும் ரயிலும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுதான் நாள் முழுக்க ஓடுமாம். அருள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புத்தகத்தைப் பாத்து ஆளை நடத்துறீர்."

"வேறை என்ன செய்ய? நீங்கள் ஒரு வார்த்தை கதைக்கிறியள் இல்லை."

"பொலிஸ் மறிச்சுப் பாஸ்போட் கேட்டா என்ன செய்யோணுமாம்? அதிலை போட்டிருக்கோ?"

போட்டிருந்தது. வாசித்தேன். மரியாதையாக ஒத்துழைக்கவும், உங்கள் நாட்டுத் தூதரகத்துடன் தொடர்புகொள்ளவும்.

"எங்கடை தூதரகத்தோடை," என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "பாவம், அந்தப் பிள்ளையைப் பொய் நம்பிக்கை குடுத்துப் பேய்க்காட்டாதையும்."

"உங்கடை தங்கச்சி எண்டா இப்பிடி இருப்பியளோ?"

எழும்பிப் போய்த் தன் வேலை வான் வண்டிக்குள் இருந்தார். ஜன்னலால் பார்த்தேன். வேலைச் சாமானை எடுத்து எடுத்து அதே இடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியில் கல்யாணம் கட்டிய நாள் முதல் தெரியும், தன் பயணத்தைப் பற்றிக் கதைக்க மாட்டார். மொஸ்கோ வழியாக வந்தேன் என்பார். அவ்வளவுதான்.


19 செப்., சனி

கடையில் கூட்டம். பிளேஸ்டோவிலிருந்து வாடிக்கைக்காரி கல்பனா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, வாய் ஓயாது, நல்ல மனசு. மேசையில் கையேட்டைப் பார்த்துவிட்டாள்.

"ரெஜினாக்கா, பாங்காக் போறீங்களா? சொல்லவே இல்ல! நாங்க ஈஸ்டருக்குப் போனோமே. ஒரு பெட்டி காலியா எடுத்துட்டுப் போங்க, ஷாப்பிங்குக்கு. டுக்டுக்ல ஏறுனா நேரா நகைக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிடுவான், ஏறாதீங்க."

"பொலிஸ் கரைச்சல் இருக்கோ?"

"போலீஸா? டூரிஸ்ட்டுக்குன்னே தனி போலீஸ் இருக்குக்கா. என் பையன் தொப்பிய தொலைச்சதுக்குக்கூட வந்து விசாரிச்சாங்க."

சீலோம் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறதாம். நம் தமிழர் கட்டியது. அர்ச்சகர் தமிழ் பேசுவாராம். கையேட்டிலும் பார்த்தேன், இருக்கிறது. நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர், அதனால் என்ன? தமிழ் கேட்கும் இடம். வரைபடத்தில் இரண்டாவது வட்டம்.

கல்பனாவிடம் செல்வியைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் நன்றாகத்தான் ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்குத் தாங்கியிராது.


20 செப்., ஞாயிறு

வெயில். பூசை. மன்றாட்டில் சாமி சிறையில் இருப்பவர்களையும் பிரயாணிகளையும் சேர்த்துச் சொன்னார். அருள் எழும்பி வெளியே போனார். பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், கோயில் மதிலடியில் வெறுமனே நிற்கிறார்.

"என்ன, சுகமில்லையோ?"

"உள்ளை காத்தில்லை."

செல்வியுடன் பின்னேரம். டிலானிக்குக் காய்ச்சல் இல்லை. பக்கத்து அறையில் வவுனியாக் குடும்பம் ஒன்று, தாய் தகப்பன் இரண்டு பெண் பிள்ளைகள். விசா முடிந்து மாதக் கணக்காம். அந்தத் தாய் புஷ்பா செல்விக்குத் தேத்தண்ணி தந்தாளாம். "நல்ல சனம் அக்கா. ராவிலை லைட் போடாமல் இருக்கினம்."

நானும் போக வேண்டும். டிக்கெட் விசாரிக்க வேண்டும். ஜெர்மன் பாஸ்போர்ட், எனக்கு விசா தேவையில்லை. என் பெயரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தால் அவர்கள் பயமில்லாமல் இருக்கலாம். அருளிடம் சொன்னேன்.

"போம்," என்றார்.


22 செப்., செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது தாண்டி. கடை திறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். செல்வி. பின்னால் மழை, கொட்டுகிற சத்தம்.

"அக்கா, விடுதிக்குப் பொலிஸ் வந்திட்டாங்கள். நான் டிலானியோடை சாமான் வாங்க வெளியிலை வந்தனான். ஒழுங்கை முகப்பிலை நிண்டு பாத்தன். புஷ்பாக்காவையும் பிள்ளையளையும் ட்ரக்கிலை ஏத்தினாங்கள். சின்னது செருப்பில்லாமல்."

"உன்னைக் கண்டவங்களோ?"

"தெரியாது. நான் நடந்துகொண்டிருக்கிறன். எங்கை போறன் எண்டு தெரியாது. போனிலை சார்ஜ் ஒரு கோடுதான் நிக்குது."

வரைபடம் கடையில் இல்லை, நல்லகாலம், பையில். தரையில் விரித்தேன். ஆற்றுப் பக்கம் போ, படகுத்துறை வரும், ஆரஞ்சுக் கொடி, ரயிலடித் துறையில் இறங்கு, அங்கே மேலே ஓடும் ரயில், ஒரு ஸ்டேஷன், மாரியம்மன் கோயில். அங்கே தமிழ் கதைப்பார்கள். என் குரல் எனக்கே அமைதியாகக் கேட்டது. அவள் நடந்தாள். டிலானி இருமுவது கேட்டது. கடைகள், ஹோர்ன், மழை.

"அக்கா, துறை தெரியுது."

"நல்லது. ஏறு."

"வாசலிலை பொலிஸ் நிக்கிறான்."

திரும்பு என்றேன். திரும்பினாள். அடுத்த துறை எங்கே? வரைபடத்தில் ஒரு கால்வாய், ஒரு பாலம், அவள் பாலமே இல்லை என்கிறாள். தண்ணீர் முழங்கால் மட்டும். டிலானி அழத் தொடங்கிவிட்டாள். "எந்தப் பக்கம் அக்கா? சொல்லுங்கோ. எந்தப் பக்கம்?" எனக்குத் தெரியவில்லை. சொன்னேன், தெரியவில்லை என்று. முதல் தடவை சொன்னேன்.

முன்கதவு திறந்தது. அருள். எதையோ மறந்து எடுக்க வந்திருக்கிறார். தரையில் வரைபடத்தோடு நான் இருந்ததைப் பார்த்தார். போனைக் கையிலிருந்து வாங்கினார்.

"செல்வி, அருள் அத்தான் கதைக்கிறன். நடக்காதை. நில்லு. கோயிலுக்குப் போகாதை, எங்கடை ஆக்களைத் தேடி முதல் அங்கைதான் வருவாங்கள். சுத்திப் பார். ஆம்பிளையள் வேண்டாம். றோட்டிலை சமைச்சு விக்கிற மனுசி ஆரும் நிக்குதோ? வயசான ஆள்?"

செல்வி ஏதோ சொன்னாள்.

"நல்லது. அவவிட்டைப் போ. கும்பிடு. ஒண்டும் சொல்லாதை. போனை அவவின்ரை கையிலை குடு."

பிறகு அருள் கதைத்தார்.

தமிழ் இல்லை, ஜெர்மன் இல்லை, ஆங்கிலம் இல்லை. மூக்கால் இழுத்து, மேலேறி, கீழிறங்கி, ஒவ்வொரு வசனமும் 'கப்', 'கப்' என்று முடிகிற ஒரு பேச்சு. முதலில் தடுக்கித் தடுக்கி வந்தது. பிறகு சரளமாக. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு கை சுவரில். தலை தானாகக் குனிந்து குனிந்து நிமிர்ந்தது, அந்த மனுசி எதிரில் நிற்பதுபோல. இவரோடு இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருக்கிறேன். என் புருசனின் வாயிலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் கதைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு கரகரத்த பெண் குரல், ஏசுவதுபோல. அருள் கேட்டார். மறுபடி ஏதோ சொன்னார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, குரல் மாறவில்லை.

பிறகு செல்வி: "அத்தான், உள்ளுக்கு வரச்சொல்லிக் கையைப் பிடிச்சு இழுக்கிறா."

"போ. அவ சொல்லுறதைச் செய். அவவைப் 'பா' எண்டு கூப்பிடு. பெரியம்மா எண்டு அர்த்தம்."

சார்ஜ் தீர்ந்தது. லைன் செத்துவிட்டது.

அருள் போனை மேசையில் வைத்தார். என்னவென்று கேட்பது? அவர் வேலைக்குப் போகவில்லை. நானும் கடை திறக்கவில்லை. இருவரும் போனுக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். நான் தேத்தண்ணி போட்டேன், ஆறிப்போனது, ஊற்றிவிட்டு மறுபடி போட்டேன்.

பின்னேரம், வேறோர் எண்ணிலிருந்து. செல்வி. அந்த மனுசி வண்டிலைத் தள்ளிக்கொண்டு தன் அறைக்கே கூட்டிப் போயிருக்கிறாள். டிலானிக்குத் தன் சட்டையைப் போட்டு, சோறும் மீனும் கொடுத்து, படுக்க வைத்துவிட்டாள். "ஒரு சொல்லும் விளங்கேல்லை அக்கா. ஆனா எல்லாம் விளங்குது."

நாளைக் காலை தானே டாக்சி பிடித்து அகதிகள் அலுவலகத்தில் விடுவதாக, அருள் போனை வாங்கிக் கதைத்தபோது அந்த மனுசி சொன்னாளாம்.


23 செப்., புதன்

அதிகாலையே முழிப்பு. நித்திரை என்று ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்கு (அங்கே காலை ஒன்பது): வரிசையில் நிற்கிறோம்.
நாலரைக்கு: உள்ளே எடுத்தார்கள்.
பிறகு ஒன்றுமில்லை. பிளவுஸ் ஒன்றுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன், பிரித்தேன்.
எட்டரைக்கு: "பதிஞ்சாச்சு அக்கா. படம் பிடிச்சு ஒரு கடுதாசி தந்திருக்கினம். என்ரை பேரும் டிலானியின்ரை பேரும்."

மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னாள். இது வைத்திருந்தால் பிடிக்க மாட்டார்கள் என்று உறுதி இல்லையாம், ஆனால் பிடித்தாலும் திருப்பி அனுப்ப விடாமல் கேட்பார்களாம். நேர்காணலுக்கு மாதங்கள் ஆகுமாம்.

புஷ்பா குடும்பத்தைப் பற்றியும் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாள். பெயர்களை எழுதிக்கொண்டார்களாம். தடுப்பு முகாமில் இருக்கிறார்கள். அந்தச் சின்னப் பிள்ளையின் செருப்பு மனதை விட்டுப் போகிறதில்லை.

அருளுக்கு வேலையிடத்துக்கு எடுத்துச் சொன்னேன். பின்னால் ட்ரில் சத்தம். "ம்" என்றார். பிறகு ட்ரில் சத்தம் நின்றது. "ம்" என்றார் மறுபடி.


24 செப்., வியாழன்

வானத்தில் கறுப்பு மேகம், மழை இல்லை.

சாப்பிட்டபின் அவரே சொன்னார். டி.வி.யை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

மொஸ்கோ இல்லை. பாங்கொக். வேறொருவன் பெயரில், வேறொருவன் பாஸ்போர்ட்டில், மன்னாரிலிருந்து கூட வந்த றொபேட்டுடன். ஏஜென்ட் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார்கள். அங்கே சமைக்கிற கிழவி நாள் முழுக்க ஏசுவாளாம். அந்த ஏச்சில்தான் மொழி ஒட்டிக்கொண்டது. பிறகு பிடிபட்டார்கள். ஒரே அறை, படுக்க இடமில்லை, முறை வைத்துப் படுப்பது. ஒரு மழைக்காலம் முழுக்க.

"றொபேட்டுக்குக் காய்ச்சல். காலமை தட்டி எழுப்பினன். எழும்பேல்லை."

ரிமோட்டை எடுத்து மறுபடி வைத்தார்.

"அந்தக் கிழவி கிழமைக்கொருக்கா சோத்துப் பார்சலோடை வாசலிலை வந்து நிக்கும். உள்ளை விடமாட்டாங்கள். எண்டாலும் வரும். அண்டைக்கு றொபேட் செத்ததை நான்தான் வாசல் கம்பிக்குள்ளாலை அதுக்குச் சொன்னனான். இரண்டு பார்சல் கொண்டுவந்தது. இரண்டையும் எனக்குத் தந்துட்டுப் போச்சு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மொஸ்கோ எண்டா ஒருத்தரும் மேலை கேக்க மாட்டினம். குளிர் எண்டு சொல்லி முடிச்சிடலாம்."

அவர் தாயாருக்கும் சொன்னதில்லையாம். றொபேட்டின் வீட்டுக்கு மட்டும் ஒரு தடவை எழுதினாராம், காய்ச்சல் என்று.

பிறகு, யாரோ திறந்துவிட்டதுபோல், சொல்லிக்கொண்டே போனார். செல்விக்குச் சொல்லச் சொல்லி. பொலிசைக் கண்டால் நடையை மாற்றக் கூடாது, கூட்டினாலும் குறைத்தாலும் கவனிப்பான். குனிந்து பார்க்கக் கூடாது, கடைக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். ஒழுங்கை முகப்பில் இருக்கும் மோட்டார் சைக்கிள்காரரோடு சிரித்துப் பழக வேண்டும், பொலிஸ் வந்தால் முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான். டிலானி ரோட்டில் தமிழில் சத்தம் போடக் கூடாது. கோபம் வந்தாலும் குரலை உயர்த்தக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எந்தக் கையேட்டிலும் இல்லாதவை.

படுக்கும்போது கேட்டேன், "அந்த மனுசியிட்டைச் செவ்வாய்க்கிழமை என்ன சொன்னனீங்கள்?"

"என்ரை மகள் எண்டு சொன்னன். பேத்தியும் எண்டு."


26 செப்., சனி

பிளவுஸ்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. மணப்பெண்ணுடையது கடைசி நேரத்தில் கழுத்துப் பெரிதாகி, கண்ணாடிக்கு முன் அழுகை, ஊசி நூலோடு ஓட்டம். முடிந்தது.

டிக்கெட் எடுத்தேன். செவ்வாய் இரவு. கடைக் கதவில் விடுமுறை அறிவிப்பு எழுதி ஒட்ட வேண்டும். கொண்டுபோக: டிலானிக்கு உள்ளாடை, காய்ச்சல் மருந்து, செல்விக்கு இரண்டு சட்டை (அளவு ஞாபகத்தில் தைத்தேன், மெலிந்திருப்பாள், உள்ளே பிடித்துக்கொள்ளலாம்), தட்டையான இரண்டு முள் பிளக், பாவுக்கு ஏதாவது. பாவுக்கு என்ன கொடுப்பது? அருளைக் கேட்டேன். "ஷோட்பிரெட் பிஸ்கட்," என்றார் உடனே. பிறகு, "இல்லை. நல்ல கத்தி ஒண்டு. சமைக்கிற ஆளல்லோ."

கத்தியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், கைப்பையில் அல்ல.


28 செப்., திங்கள்

அருள் இன்று வேலைக்குப் போகவில்லை. ஹீட்டரைத் திருத்தினார். வீடு முழுக்கச் சூடு, ஜன்னல் திறக்க வேண்டியதாயிற்று.

"விமான நிலையத்திலை இறங்கினவுடனை டாக்சிக்காரன் மேல்தளத்திலை வருவான், கீழ்த்தளத்திலை வரிசை..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "எனக்குத் தெரியாது. புது விமான நிலையம். நான் போன காலத்திலை வேறை."

பின்னேரம் மூன்று மணிநேரம் ஆளைக் காணவில்லை. போனும் எடுக்கவில்லை. கேட்டால், "நடந்தன்" என்றார்.


29 செப்., செவ்வாய். ஹீத்ரோ

வான் வண்டியில் வந்தோம். எம்25 நெடுஞ்சாலையில் நெரிசல். அருள் வழி முழுக்கச் சொற்கள் சொல்லித் தந்தார்: சாப்பிட்டாச்சு, நன்றி, உறைப்பு வேண்டாம், பரவாயில்லை. நான் சொன்ன மாதிரியைக் கேட்டு இரண்டு தடவை சிரித்தார்.

செல்வி மத்தியானம் எடுத்தவள். பாவின் வண்டிலில் அவள் இப்போது மரக்கறி வெட்டிக் கொடுக்கிறாளாம். டிலானிக்கு எண்ண வருகிறதாம், அந்த மொழியில், பத்து மட்டும். "அக்கா, நீங்கள் என்னைத் தேடி அலைய வேண்டாம். நான் வந்து நிப்பன்." வராதே என்றேன், விமான நிலையத்தில் பொலிஸ் இருப்பான், அறையில் இரு. சரி என்றாள். வருவாள் என்றுதான் நினைக்கிறேன், அவளை எனக்குத் தெரியும்.

அருள் வானை நீண்ட நாள் நிறுத்துமிடத்தில் நிறுத்தினார். ஏன் அங்கே என்று கேட்டேன். வான் பின்கதவைத் திறந்தார். வேலைச் சாமானுக்குள் ஒரு சின்னப் பை, மேலே டிக்கெட். நேற்று நடந்தது எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. ஒரே விமானம், என்னுடைய வரிசைக்குப் பின் இரண்டு வரிசை.

"கைரேகை எடுத்து வைச்சிருப்பாங்கள்," என்றேன்.

"ஓம்."

"மறிச்சா?"

"பதினாறு பதினேழு வருசமாகுது. வைச்சிருக்கவும் கூடும், இல்லாமலும் போகலாம். றொபேட்டை எங்கை தாட்டுப் புதைச்சவங்கள் எண்டு எனக்குத் தெரியாது, ரெஜி. ஒருக்காப் போய்ப் பாக்கோணும்."

அவர் பையைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் நுழைவு அட்டை இரண்டு தந்தாள், இங்கேயே நிரப்பினால் அங்கே இலகு என்று. இப்போது விமானம் ஏறும் வாயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என்னுடையது நிரப்பிவிட்டேன். அவர் பெயரெழுதி, பாஸ்போர்ட் எண் எழுதி, ஓர் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டே இருக்கிறார். எட்டிப் பார்த்தேன். தாய்லாந்துக்கு வருவது இதுதான் முதல் தடவையா? ஆம், இல்லை, இரண்டு பெட்டி.

வரிசை நகரத் தொடங்கிவிட்டது.

"என்ன போடப்போறியள்?"

"ஓம் எண்டு போடுறன்," என்றார். "என்ரை சொந்தப் பேரிலை இப்பதான் முதல் தரம் போறன்."